பொம்மைக்கும் தொப்பை

2025 செப்டம்பர் 8
எதிரில் புதுத் துணிக்கடை திறந்துவிட்டார்கள். ஏசி, கண்ணாடி, வாசலில் பன்னீர் தெளிக்கப் பெண்கள். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைப் பொம்மைகள். ஒவ்வொன்றுக்கும் என் முழங்கை அளவுதான் இடுப்பு. என் நைட்டிக் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டு வந்தவர்கள்.

செப்டம்பர் 11
காலையில் டாக்டரம்மா, "கோகிலவாணி, நீங்க கொஞ்சம் ஸ்லிம் ஆகணும்" என்றார். மதியம் திருப்பூர் ஏஜெண்ட், "இந்த சீசன்ல மார்ஜின் ஸ்லிம்தாங்க" என்று இழுத்தார். வீட்டுக்கு வந்தால், காலேஜில் இங்கிலீஷ் படிக்கும் மகள் சுபஸ்ரீ: "அந்தக் கடைய நீ ஜெயிக்கிற சான்ஸ் ஸ்லிம்தாம்மா. அதாவது ரொம்பக் கம்மி."

போன் ஸ்லிம் என்றால் விலை ஏறுகிறது. பெண் ஸ்லிம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் பல்லைக் காட்டுகிறார்கள். லாபம் ஸ்லிம் என்றால் ஏஜெண்ட் மூக்கைச் சிந்துகிறார். ஒரே வார்த்தை இத்தனை வேலை பார்க்கிறதே, இதைச் சம்பளம் கொடுத்துக் கடையில் வைத்துக்கொள்ளலாம்!

நைட்டி மூட்டையைத் தோளில் போட்டுத் திருநாவலூர் வரைக்கும் தெருத்தெருவாக விற்ற காலத்தில் நானும் ஒல்லிதான். ஒருத்தராவது ஸ்லிம் என்றார்களா? "இன்னாம்மா, சோறு துன்னியா இல்லியா?" என்றுதான் கேட்டார்கள்.

இந்தத் தீபாவளி கைகொடுக்கவில்லையென்றால் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான். அப்புறம் மறுபடி அந்த மூட்டை. இந்த வயதில் — முடியுமா?

செப்டம்பர் 12
ஈ ஓட்டினேன்.

செப்டம்பர் 20
போட்டி என்றால் போட்டி. நானும் இரண்டு ஸ்லிம் பொம்மை வாங்கிவிட்டேன். என்னிடம் இருப்பதெல்லாம் பெரிய சைஸ் நைட்டி. பொம்மைக்கு மாட்டினால் கொடிக்கம்பத்தில் சாக்கு மாட்டிய மாதிரி தொங்கியது. கடைப்பெண் சந்தியா பின்பக்கம் கொத்தாகப் பிடித்துக் குண்டூசி குத்தினாள். முன்னால் பார்த்தால் அழகுதான்.

செப்டம்பர் 27
பழைய வாடிக்கைக்காரி எலவனாசூர்கோட்டை ஜெயம்மாள் வந்தாள். களையெடுக்கிற கை, உரல் மாதிரி இருக்கும். பொம்மையை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இன்னாக்கா இது, முன்னால ரம்பை, பின்னால முள்ளம்பன்னியா கீது?"

சந்தியா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயம்மாள் விடவில்லை.

"எதுத்த கடைக்குத்தான் மொதல்ல போனேன். அந்தப் பொண்ணு என்ன ஏற எறங்கப் பாத்துட்டு, ஒங்களுக்கெல்லாம் இங்க சைஸ் இல்லன்னுது. சரி, நம்ம அக்கா கடைன்னு வந்தா நீயும் அதே குச்சியத்தான் நிக்க வச்சிக்கினு கீற."

சுருக்கென்றது. அவள் போன பிறகும் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்குகிறவள் ஒருத்தி, நிற்கிறவள் ஒருத்தி. நான் யாருக்குக் கடை வைத்திருக்கிறேன்?

செப்டம்பர் 28
ஞாயிறு. நானும் சந்தியாவும் வீட்டுத் தலையணைகளைப் பிரித்துப் பஞ்சை எடுத்து, பொம்மைகளுக்கு வயிறு, இடுப்பு, கை எல்லாம் கட்டி மேலே துணி வைத்துத் தைத்தோம். நைட்டி குண்டூசியே இல்லாமல் கச்சிதமாக நின்றது.

மத்தியானம் கண் அசர வந்த வீட்டுக்காரர், "தலவாணி எங்கடி?" என்றார்.

"கடையில நிக்குது."

கடைக்கு வந்து பார்த்துவிட்டு, "ஊரே சிரிக்கும்டி" என்றார். சிரிக்கட்டும். கடைக்குள் வந்து சிரிக்கட்டும்.

அக்டோபர் 4
சிரித்தார்கள். காலேஜ் பிள்ளைகள் பொம்மையோடு செல்பி எடுத்தார்கள். ஒருத்தியும் வாங்கவில்லை. ராத்திரி கல்லாவை இரண்டு தடவை எண்ணினேன்.

அக்டோபர் 9
தீபாவளிக்குத் துணியெடுக்க ஜெயம்மாள், கூட ஒரு வேன் நிறையப் பெண்கள். "தோ பாருங்கடி, என்ன மாதிரியே ஒருத்தி நிக்கிறா!" என்று பொம்மை தோளில் கையைப் போட்டாள். பொம்மை மாட்டியிருந்ததையே கழற்றித் தரச் சொல்லி இரண்டு பேருக்குள் சண்டை.

அக்டோபர் 18
கூட்டம். கால் வலி. சாப்பிடவில்லை. டாக்டரம்மா சந்தோஷப்படுவார்.

அக்டோபர் 24
எதிர்க்கடை மேனேஜர் தீனதயாளன் டையோடு வந்தார். பொம்மையை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், லேசாகக் கிள்ளியும் பார்த்தார்.

"இந்த மாதிரி பொம்ம எங்கக்கா கெடைக்குது?"

"சேலத்துல கேட்டுப் பாருங்க தம்பி."

அவர் ரோட்டைத் தாண்டுகிறவரை சந்தியா சிரிப்பை அடக்கி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பொங்கல் சரக்குக்கு இன்றே ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன். பெரிய சைஸ்தான் ஜாஸ்தி.