சந்தூக்கின் பக்கத்தில் கொடுத்த வாக்கு

நானா, இன்று மதுரங்குளிச் சந்தியில் பஸ் நின்றபோது கொப்பராப் புகை மூக்கில் ஏறியது. நம் தோட்டத்துத் தேங்காய்தான். நம் தோட்டம் என்று சொல்ல என் வாய்க்கு இன்னும் வெட்கமில்லை. கூடப்பிறந்த மூத்தவர் உங்கள் மேல் எனக்குள்ள கோபமும் கூடவே கிளம்பிவிட்டது. மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களோடு சண்டை பிடிக்கக் கூடாது என்பார்கள். நான் பிடிக்கத்தான் போகிறேன்.

வாப்பாவின் ஜனாஸாத் தொழுகைக்கு முன், மூத்த மகன் என்று நீங்கள் அவரைக் கிடத்தியிருந்த சந்தூக்கின் பக்கத்தில் எழும்பி நின்றீர்கள். "வாப்பா யாருக்கும் கடன் குடுக்க இருந்தா என்கிட்ட வாங்க. நான் பொறுப்பு" என்றீர்கள். எல்லா மையித்து வீட்டிலும் சொல்கிற சொல்தான். ஊரில் ஒருவரும் வரவில்லை.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் ஒரு தரகர் கறுப்புக் குடையோடு வந்தார். பழைய புரோநோட்டுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மௌத்து விழுந்த வீடாகப் பார்த்து ஏறுவதுதான் அவர் தொழில். தோணி வாங்க வாப்பா எப்போதோ கைநாட்டு வைத்த நோட்டு அது. கிட்டத்தட்ட என் வயது அதற்கு.

நான் அப்போது புத்தளத்தில் வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசியிடம் கிளாக்காக இருந்தேன். உங்களைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்ச் சொன்னேன்: "நானா, இது செத்த நோட்டு. இத்தன வருஷம் போனா கோட்டில செல்லாது. ஒரு சதம் குடுத்தாலும், ஒரு கையெழுத்து வெச்சாலும் திரும்ப உசிர் வந்துரும். சும்மா இரிங்க."

"கோட்டில செல்லாது, சரி. கபுருக்குள்ள வாப்பாட்ட இந்தக் கடனக் கேட்டா?" என்று கேட்டீர்கள்.

ஆனால் நானா, வாப்பாவுக்குக் கடன் கொடுத்தவரும் எப்போதோ மௌத்தாகிவிட்டார். நோட்டைச் சில்லறைக்கு வாங்கிய அந்த மனிசனுக்கு நம் வாப்பாவின் கபுரில் என்ன வேலை? அதை அன்று கேட்க எனக்குப் புத்தி வரவில்லையே!

தரகரிடம் பத்து ரூபாய் கொடுத்தீர்கள். மிச்சத்துக்கும் வட்டிக்கும் நானே பொறுப்பு என்று முத்திரை மேல் கையெழுத்தும் வைத்தீர்கள். உம்மா வேறு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. "நல்ல வாப்பாட நல்ல மகன்" என்று அவர் சொன்னதும் உங்கள் முகம் மலர்ந்தது.

இரண்டே வருஷத்தில், வாப்பாவின் பேரில் பிரிக்காமல் கிடந்த தோட்டம் ஏலம் போனது, என் பங்கும் சேர்த்து. அப்படியும் கடன் தீரவில்லை. மிச்சத்தை அடைக்க நீங்கள் உச்சமுனைக் கடற்கரையில் யாரோ ஒருவருடைய வலையை இழுத்தீர்கள். மார்ச்சளிக் காய்ச்சல் உங்களை அங்கிருந்தே கொண்டுபோனது.

உங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை. உங்கள் ஜனாஸாவில் எழும்பி, கடனுக்கு நான் பொறுப்பு என்று சொல்ல வேண்டியவன் நான்தான். தொழுகை நடத்த நின்ற லெப்பை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஆட்களுக்குப் பின்னால், வாசலோரம், அந்தத் தரகர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். எனக்கென்று இருந்தது மூன்று பிள்ளைகளும் ஓர் ஓலை வீடும்.

"தம்பி, சொல்லுங்க" என்றார் லெப்பை, மெல்ல.

"தொழுகையத் தொடங்குங்க, லெப்பை" என்றேன்.

வீடு இருக்கிறது, நானா. பிள்ளைகள் அதில்தான் படுக்கிறார்கள். நான் செய்தது சரி என்று எந்தக் கோட்டில் ஏற்றிக் கேட்டாலும் சொல்வேன். உங்கள் கபுரடிக்கு மட்டும் இன்றுவரை ஒரு தடவைகூட வரவில்லை.