அப்பாவின் பதில் அட்டை

14 நவம்பர் 1995, செவ்வாய்

இன்றைய தபாலிலும் அப்பாவின் அட்டை இல்லை.

தங்கச்சியின் கலியாண அழைப்போடு வைத்து அனுப்பும் பதில் அட்டைகளை நான்தான் வடிவமைத்தேன். தந்தநிற மட்டை, ஓரத்தில் பொன்னிறக் கொடி. முதலில் 'வருகிறோம்', 'வர இயலாது' என்று இரண்டு கட்டங்கள் போட்டேன். நல்ல காரியத்தில் இயலாது என்ற சொல் வரக்கூடாது என்று அம்மா சத்தம் போட்டார். அதை 'இங்கிருந்தே வாழ்த்துகிறோம்' என்று மாற்றினேன். அந்தக் கட்டத்தில் அப்பாவின் கையால் ஒரு புள்ளடி அடையாளம் வேண்டும் என்று தங்கச்சி கேட்டாள். அதற்காகவே இங்கே கனடாவிலிருந்து, யாழ்ப்பாணத்தில் இருக்கிற அப்பாவுக்கும் ஒன்று அனுப்பினோம்.

பின்னேரம் மிசிசாகா மாமா வந்தார். மேசையில் கிடந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஊரில இருக்கிற கொப்பருக்கும் இந்த முத்திரையை ஒட்டித்தான் அனுப்பினனியோ, பிள்ளை? கனடா முத்திரை அங்க செல்லாதெல்லோ."

எனக்குத் திக்கென்றது. திரும்பி வருவதற்கென்று எல்லா அட்டைகளிலும் ஒரே கனடா முத்திரையைத்தான் ஒட்டியிருந்தேன்.

"அப்ப அதுதான் வரேல்லை!" என்று அம்மா சிரித்தார். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணச் சனம் முழுக்க ஊரைவிட்டு வெளிக்கிட்டு நடக்கிறது என்று ரேடியோவில் கேட்ட நாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாதவர், இன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அப்பா தபால் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். எந்த முத்திரை எங்கே செல்லும் என்று அவருக்குத் தெரியாதா? கையில் கிடைத்திருந்தால் வேறு முத்திரை ஒட்டி அனுப்பியிருப்பார்.

அம்மாவுக்கு இது நினைவு வரக்கூடாது. கலியாணம் முடியும் மட்டுமாவது.