பாறை மேல் நின்ற டீச்சர்

காளப்பநாயக்கன்பட்டி
18.11.2024

அன்புள்ள சுகுணாவுக்கு,

"டீச்சர், ராஜினாமாக் கடுதாசியில காரணம்னு என்னங்க எழுதறது?"

முப்பத்து நான்கு வருஷம் பாடம் நடத்தியும் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. போன வாரம் பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பெண் வந்து கேட்டாள். பள்ளி ஆபீஸில் பழைய தலைமையாசிரியை என்று என் போட்டோ மாட்டியிருக்கிறாயாமே, அதைப் பார்த்து அடையாளம் தெரிந்ததாம். பெயர் தாரணி. ஜூலையில் மலைமேல் உன் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தவள்.

போன் பண்ணினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதி, பஸ் கண்டக்டர் சென்றாயனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அவள் சொன்னது சரியா என்று நீயே சொல். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று வகுப்பும் ஒரே அறையில் அவளுக்கு. அது போதாதென்று, போனில் ஏற்ற வேண்டிய வருகைப்பதிவு, சீருடை விவரம், பரீட்சை விவரம் எல்லாம் அவள் தலையில். மணிவண்ணன் வகுப்புக்கும் கோகிலா வகுப்புக்கும் சேர்த்து. பள்ளிக்குப் பின்னால் உள்ள பாறையில் ஏறினால்தான் சிக்னல் என்பதால் தினமும் இரண்டு முறை ஏறுகிறாள். கீழே பிள்ளைகள் தனியாகக் கிடக்கிறார்கள்.

பார்க்கிற ஊர் என்ன நினைக்கும்? காலையிலும் மதியமும் ஒரு வயசுப் பெண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறைமேல் நிற்கிறாள். கண்ணாயி பள்ளிக்கே வந்து கேட்டாளாம்: "அந்தப் புள்ளைக்குப் பேச ரெண்டு நேரமும் ஆளிருக்குது. எம்புள்ளைக்குச் சொல்லித்தரத்தான் ஆளில்லீங்களா?" அப்புறம் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டுப் புகார்.

அதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவளைப் பாறைக்கு அனுப்பியதே நீ. அந்தப் பதினோரு பேரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், 'பணி நேரத்தில் கைப்பேசியில் பேசியதற்கு விளக்கம் தருக' என்று அவளுக்கே மெமோ கொடுத்திருக்கிறாயே, உனக்கு எப்படிக் கை வந்தது?

மிளகுக்கொடி வைக்கிறவர்கள் முதலில் அதைச் சில்வர் ஓக் மரத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். நீ கட்டவும் இல்லை, வளரும் முன்பே உலுக்கிக் காய் கேட்கிறாய். அதற்குள் அவள் எழுதிக் கொடுத்துவிட்ட ராஜினாமாக் கடிதம் இப்போது உன் மேசை டிராயரில் இருக்கிறதாமே. அதை மேலே அனுப்புவதற்கு முன் எனக்குப் பதில் எழுது.

பொன்னாத்தாள்


எடப்புளி நாடு
21.11.2024

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

கோபம் வந்தால் உங்கள் கையெழுத்து இன்னும் அழகாகிவிடுகிறது. இரண்டு முறை படித்தேன்.

தாரணி சொன்னது எதுவும் பொய்யில்லை. காலை பத்து மணிக்குள் ஏற்றாவிட்டால் மேலிருந்து கேட்பது என்னைத்தான். அவளுக்கு விரல் வேகம், கொடுத்தேன். நான்தான் அனுப்பினேன் என்று ஊரிடம் சொன்னால், வகுப்பை ஏன் தனியாக விட்டாய் என்று அடுத்த புகார் என்மேல் வரும். பயந்துதான் மெமோ கொடுத்தேன்.

ஆனால் அக்கா, இதை நான் யாரிடம் கற்றேன்? 2003இல் நான் மலையேறி வந்த முதல் வாரம் பத்துப் பதிவேடுகளை என் மேசையில் வைத்து, "புதுக் கை சுத்தமா எழுதும்" என்றது நீங்கள். இரண்டு வருஷம் பிள்ளைகள் முகத்தைவிடக் கோடு போட்ட தாளைத்தான் அதிகம் பார்த்தேன். அர்த்தனாரி என்றொரு பையன் மூன்றாம் வகுப்பு முடிந்தும் தன் பெயரை எழுதத் தெரியாமல் போனான். இன்று லாரி ஓட்டுகிறான். ரோட்டில் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறான். நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கு இறங்கும் பஸ்ஸில் நான் அழும்போது கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தீர்கள். பதிவேடுகளில் ஒன்றைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அதற்கு யாரும் உங்களுக்குக் கடிதம் எழுதவில்லை.

சுகுணா


காளப்பநாயக்கன்பட்டி
24.11.2024

அன்புள்ள சுகுணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது, இருபது வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று. யாரிடம் சொல்லியிருப்பாய்? சொல்ல வேண்டிய இடத்தில் நான்தானே உட்கார்ந்திருந்தேன். உனக்கு நான் செய்தது அநியாயம். அந்தப் பையனுக்குச் செய்தது அதைவிட. மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

அதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. எழுபது கொண்டை ஊசி வளைவில் எனக்கு முன்னால் போன லாரி உரசிய சுவரிலேயே நானும் உரசுவேன் என்று எந்த டிரைவராவது சொல்வானா?

ஒரு பெண்ணின் பெயர் கெட்டிருக்கிறது. கெட்டது நீ வாய் திறக்காததால். அந்தப் பதினோரு பேர் முன்னால் நின்று நீயே சொல். சுற்றறிக்கை வேண்டாம், கோகிலாவை விட்டுச் சொல்லவும் வேண்டாம்.

பொன்னாத்தாள்


எடப்புளி நாடு
29.11.2024

அக்காவுக்கு,

புதன்கிழமை அந்தப் பதினோரு பேரையும் பள்ளிக்கு வரச் சொன்னேன். தாரணி பாறைக்குப் போனது என் வேலையாக, நான் அனுப்பித்தான் என்று சொன்னேன். கண்ணாயி எழுந்து கேட்டாள்:

"அப்ப இத்தன நாளா எங்களப் பேசவிட்டு வேடிக்க பாத்தது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்வது? நான் வாங்கி வைத்த காப்பியைக்கூட யாரும் தொடவில்லை. கண்ணாயி நேரே தாரணியின் வகுப்புக்குப் போய் வாசலில் நின்று, "தப்பா நெனச்சுட்டம் சாமி" என்றாள். தாரணி தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

மெமோவை அவள் கண்ணெதிரே கிழித்தேன். ராஜினாமாக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, நீயும் கிழித்துவிடு என்றேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அரையாண்டு முடியட்டுங்க மேடம், பாக்கலாம்" என்றாள். இனி அவரவர் வகுப்பு வேலையை அவரவர் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முட்டி வலியோடு பாறை ஏற முடியாது என்று மணிவண்ணன் முணுமுணுக்கிறார். ஏறட்டும்.

உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், அவளை நிறுத்திவைக்க நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?

சுகுணா


காளப்பநாயக்கன்பட்டி
30.11.2024

அன்புள்ள சுகுணாவுக்கு,

கோபத்தை வைத்துக்கொள், அது உனக்குச் சேர வேண்டியதுதான். அவள் கடிதத்தைக் கிழிக்காததும் சரிதான். நானாக இருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் நம்மை நம்பமாட்டேன்.

புதிதாக வருகிறவர்களை ஐந்தே மாதத்தில் அழவைத்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை என்று பேசுகிறோமே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் கொதிக்கிறது. உன்மேல் பாதி, என்மேல் பாதி. அவளைப் புகழ வேண்டாம், பாராட்டு விழா எடுக்க வேண்டாம், தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டு ஆறுதலும் சொல்ல வேண்டாம்.

திங்கட்கிழமை காலை மணி அடித்ததிலிருந்து ஒரு மணி நேரம், வருகைப்பதிவைக்கூட நீயே பாறையேறி ஏற்றிக்கொண்டு, எந்த வேலைக்காகவும் அவளை வகுப்பைவிட்டு வெளியே கூப்பிடாமல் இருந்து பார்.

பொன்னாத்தாள்