ஒன்பது பெண்கள் சேர்ந்த யானை

அன்பும் குறையாமல், கோபமும் ஆறாமல் என் மாமாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. நீங்கள் ஊர் ஊராய்ச் சேர்த்த படங்கள் சுவரில் அப்படியேதான் இருக்கின்றன. அந்தக் காலத்து மாந்திரீகச் சக்கரம், இறக்கை முளைத்த மீன், கல்கத்தாக்காரர் வரைந்த, தலையில் மரம் வளர்ந்த மனிதன். வெள்ளிக்கிழமை எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறேன். "மரமண்டைக்குமா அம்மணி?" என்று சிரிப்பீர்களே, அவனுக்கும்தான்.

அதில் எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. ஒன்பது பெண்கள் பின்னிக்கொண்டு ஒரு யானையாக நிற்கும் பலகைப் படம். என் அம்மா, உங்கள் அத்தை, கிணத்துக்கடவிலிருந்து நம் கல்யாணச் சீரோடு அனுப்பியது. தும்பிக்கையாக வளைந்த பெண்ணின் நெற்றியில் சின்ன வயதில் நான் ஈரக் குங்குமம் வைத்து, அந்தக் கறை பலகையில் ஊறிப்போயிருந்தது.

"செல்லுப் பூச்சி அரிச்சுப்போடும். கண்ணாடி போட்டுக் கொண்டாரேன்" என்று எடுத்துப் போனீர்கள். திரும்பி வந்தபோது கறையைக் காணோம். கேட்டேன்.

"கடைக்காரன் தொடச்சுப்போட்டான் அம்மணி."

அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தானே, நம்பினேன். கண்ணாடி மேலேயே பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

பேத்தி இப்போது காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறாள். போன வாரம் அவள்தான் பக்கத்தில் நடந்த படக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனாள். உங்கள் சத்தியமங்கலத்து நண்பர் சேர்த்தவையாம். நடுச்சுவரில் என் யானை. தும்பிக்கைக்காரியின் நெற்றியில் அதே கறை.

"அம்முச்சி, நம்மூட்டுப் படமாட்டவே இருக்குது" என்றாள்.

நண்பர் ஓடி வந்தார். "ஏனுங்கம்மா, மரமண்டைப் படத்துக்கு மாத்தா அவரே குடுத்தாருங்க. இதையாட்டவே ஒன்னு வரையச் சொல்லி ஊட்டுல மாட்டிக்கறேன்னாருங்க. உங்களுக்குத் தெரியுமுங்களே?"

"தெரியாம இருக்குமுங்களா" என்றேன். அத்தனை பேர் முன்னால் உங்களை விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை. அன்றைக்கு நான் மறைத்ததை இன்றைக்கு நாலு பேர் படிக்கத்தான் எழுதுகிறேன்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. கேட்கத் தோன்றவே இல்லையா மாமா? நகலுக்கு நான் பொட்டு வைப்பதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பீர்களே, அது எப்படித் தொண்டையில் இறங்கியது?

மரமண்டையை எடுத்துக்கொண்டு யானையைத் தரும்படி நண்பருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன். யோசிக்கிறாராம்.

நகலுக்குப் பொட்டு வைப்பதை நிறுத்தவில்லை. அது என்ன பாவம் செய்தது? உங்கள் போட்டோவுக்கு மட்டும் இந்த வெள்ளிக்கிழமை வைக்கவில்லை. யானை வீடு வரட்டும். அன்றைக்கு உங்களுக்கு என் கையாலேயே சந்தனம் இழைத்து வைக்கிறேன்.

உங்கள் அத்தை பெற்ற மகள்,
ராமாத்தா