பெயரில்லாத முன்மொழிவு

மச்சான்,

உன் மனைவி தந்த கறுப்புக் கோட்டை இன்று மத்தியானம் மறுபடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். உள்பையில் கை விட்டால் விரலில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. கர்ரூபாக் காய் மிட்டாய். கூட்டத்தில் பேச எழும்பும் முன் தொண்டைக்கென்று வாயில் போடுவாயே, அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தின்றேன், அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். பார்த்தால் தையலுக்குள் இன்னும் இரண்டு. டொக்டர் சீனி கூடாதென்று சொன்ன பிறகும் ஒளித்து வைத்திருக்கிறாய், கள்ளன். கடதாசியைப் பிரித்ததும் அதே பனங்கட்டி வாசம்.

நாளைக் காலை இங்கே தங்கும் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்குப் போகவேண்டும். ஃபைலில் எல்லாம் இருக்கிறது, வேலை ஒப்பந்தக் கொந்திராத்தோவைத் தவிர. பொலிதேயாமாப் பக்கம் நான் வீட்டோடு பராமரித்துக்கொண்டிருந்த கிழவி சிஞ்ஞோரா, நீ செத்து இரண்டாம் மாதம் அவவும் போய்விட்டா. ஐம்பத்தாறு வயதுக்காரனை யார் புதிதாக வேலைக்கு எடுப்பார்கள்? ஃபைலைப் பத்துத் தரம் திறந்து பார்த்துவிட்டேன். திறந்து பார்த்தால் இல்லாத கடதாசி வந்துவிடுமா என்ன.

நீ விட்டுப்போன எங்கள் சங்கத் தலைவர் கதிரையால் வந்த வினை இது. ரயில் ஸ்தாசியோனேக்குக் கிட்டக் கடை வைத்திருக்கும் முதலாளித் தம்பிதான் அதற்கு ஆசைப்பட்டார். பலசரக்கு, விமான டிக்கெட், துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்புவது என்று எல்லாம் செய்கிறார். சங்கத்தில் பாதிப் பேருக்கு அவரிடம்தான் வேலை. கெட்ட மனிதர் இல்லை. உன் செத்தவீட்டுக்கு அத்தனை கதிரையும் அவர்தான் கொண்டுவந்து போட்டார்.

போன கிழமை என்னைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். “அண்ணை, நீங்கள் முன்மொழிஞ்சால் சனம் கேக்கும். திங்கக்கிழமை கடைக்கு வாங்கோ, உங்கடை கொந்திராத்தோவிலை கையெழுத்து வைச்சுத் தாறன்.” இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நானும் ஓம் என்றேன். சொல்லிவிட்டு அல்பெர்கேரியா சந்துகளுக்குள்ளால் நடந்து வரும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது, மச்சான்.

எட்டுத் தரம் உன்னை முன்மொழிந்தவன் நான். எப்படிப் பேசுவதென்று முதல் தரம் சொல்லித் தந்தவனும் நீதான். “பேரைக் கடைசியிலை வை மச்சான். பேர் வாயை விட்டு வெளியிலை போகும்வரைக்கும் நீ உன்ரை ஆள்.” அன்றைக்கு நான் பெயரைச் சொல்லாமல் இழுத்துக்கொண்டு போக, முன்வரிசையில் மூன்று பேர் தங்களைத்தான் சொல்கிறேனாக்கும் என்று சட்டையை இழுத்துச் சரிசெய்தார்கள். நீ பின்னால் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

ஞாயிறு உன் கோட்டைப் போட்டு, உன் மிட்டாயை வாயில் போட்டு, தேவாலயப் பங்கு மண்டபத்தில் நடந்த தெரிவுக் கூட்டத்தில் எழும்பினேன். முதலாளித் தம்பி வெள்ளைச் சட்டையோடு முன்னுக்கு இருந்தார். “இந்தக் கதிரையிலை இருக்கிறவர்,” என்று தொடங்கினேன், “ஆஸ்பத்திரியிலை மொழி தெரியாமல் நிக்கிற ஆளுக்குப் பக்கத்திலை போய் நிக்கோணும். சம்பளம் மறிச்சால், லீவு தராட்டில், முதலாளியின்ரை கதவைத் தட்டிக் கேக்கோணும்.”

அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. என் அம்மா செத்தபோது ஊருக்குப் போக சிஞ்ஞோரா லீவு தர மாட்டேன் என்றா. நீ இதே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, உனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில், “சிஞ்ஞோரா, இவனுக்கும் ஒரு அம்மாதான்,” என்று சொல்லிவிட்டு, அவ ஓம் என்னும்வரை வாசலை விட்டு அசையவில்லை. முதலாளித் தம்பி தலைவரானால், அவரிடம் வேலைசெய்கிற சனத்துக்காக யாருடைய கதவைத் தட்டுவார்? தன்னுடைய கதவையா?

முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் உன்னைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இன்னொருவரின் பெயரை அதில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. பெயர் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

அடுத்த நிமிடம் ஒரு கூத்து. வழிமொழியச் சொல்லி முதலாளித் தம்பி ஏற்பாடு செய்திருந்தது அவரின் கடையில் பெட்டி தூக்கும் நெட்டையனை. உனக்குத் தெரியும்தானே, ஒன்றையும் முழுதாகக் காதில் வாங்காதவன். நான் திரும்பிக் கதிரையில் இருந்ததுதான் தாமதம், பாய்ந்து எழும்பி, “வழிமொழியிறன்!” என்றான்.

“ஆரையடாப்பா?” என்று ஒரு பெண் கேட்க, மண்டபமே சிரித்தது. தெரிவை இரண்டு கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

வாசலில் முதலாளித் தம்பி என்னைப் பிடித்தார். “என்னண்ணை, என்ரை பேரை மறந்திட்டியளோ?”

“மறக்கேல்லைத் தம்பி. அதாலைதான் சொல்லேல்லை.”

அவர் முகம் சுருங்கிப் போனது. திங்கள் கடைக்குப் போனேன், வெட்கத்தை விட்டுத்தான் போனேன். “கணக்குப் பார்க்கிறவர் வரேல்லை, பிறகு பாப்பம்,” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும்.

கொந்திராத்தோ இல்லாவிட்டாலும் வேலை தேடக் கொஞ்சக் காலம் தருவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அதைக் கேட்டு வாங்க வாய் வேண்டும். இருபத்திமூன்று வருடமாக குவெஸ்தூராவின் அந்தக் கண்ணாடி யன்னலுக்கு முன்னால் நான் தனியாக நின்றதே இல்லை. எப்போதும் என் தோளுக்குப் பக்கத்தில் நீ நின்றாய். எனக்குப் பயமாயிருக்கிறது, மச்சான். இவ்வளவையும் எழுதுவதே அதற்காகத்தான்.

இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. நெட்டையன்.

“அண்ணை, நாளைக்கு எத்தினை மணிக்கு குவெஸ்தூரா? நானும் வாறன். கடையிலை லீவு கேட்டிட்டன்.”

“டேய், முதலாளி உன்னைக் கலைச்சுவிடப் போறார். உனக்கென்ன விசரோ?”

“அண்டைக்கு உங்களை வழிமொழிஞ்சிட்டன்தானே அண்ணை. இனி மாத்தேலாது.”

அவனுக்கு இத்தாலியன் என்னைவிட மோசம். பயம் இன்னும் போகவில்லை. ஆனாலும் ஃபைலைக் கட்டி மேசையில் வைத்துவிட்டேன். உன் இரண்டு மிட்டாயையும் எடுத்த பைக்குள்ளேயே போட்டிருக்கிறேன். ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு.