ஆட்டுக்கொட்டகையின் முக்கோணம்

என் அருமை மாமாவுக்கு,

நீங்கள் போய் இருபது நாளாகிறது. அக்கா இப்போதுதான் ஒரு வாய் சோறு ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். எனக்கு முதல் நாளிலிருந்தே நன்றாகப் பசிக்கிறது.

நினைவிருக்கிறதா? அக்காவைக் கட்டிய வருஷமே ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் கணக்கு வாத்தியாராகவும் வந்தீர்கள். இரண்டு முக்கோணம் அச்சு அசலாக ஒன்றுதான் என்று சொல்ல எதெல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்று பலகையில் வரிசையாக எழுதினீர்கள். கடைசியில், மூன்று கோணமும் சமமாக இருந்தாலே போதும் என்றீர்கள்.

எனக்கு எங்கள் கூரை ஞாபகம் வந்தது. மழைத்தண்ணீர் நிற்காமல் ஓட, அப்பா வீட்டுக்கும் ஆட்டுக்கொட்டகைக்கும் ஒரே சாய்வில்தான் கூரை போடுவார். எதிரே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி முக்கோணம். ஒன்றில் ஏழு பேர் படுப்போம். இன்னொன்றில் நாலு ஆடு.

"மாமா, அது தப்பு! எங்க வூடும் ஆட்டுக்கொட்டாயும் ஒண்ணா?" என்று எழுந்துவிட்டேன்.

வகுப்பே சிரித்தது. கணக்குக்காக இல்லை, 'மாமா'வுக்காக. உங்கள் காது சிவந்துபோனது. "ஆட்டுக்கொட்டாய்ல வளந்தது எனக்குக் கணக்கு சொல்லுது பாரு" என்று மர மூலைமட்டத்தால் முட்டியில் அடித்தீர்கள். அன்று சாயங்காலமே அப்பாவிடம், "இதுக்குப் படிப்பு ஏறாதுங்க மாமா, நிறுத்திடுங்க."

மறுநாள் நான் ஆடு ஓட்டிக்கொண்டு போனேன். அதன்பிறகு எந்தக் கல்யாணப் பந்தியிலும், "வாம்மா ஆட்டுக்கொட்டாய்" என்றுதானே கூப்பிட்டீர்கள்?

என் பேத்தி செல்வி ஜமுனாமரத்தூரில் கணக்கு டீச்சர் ஆனாளே, போன வருஷம் அவளிடம் கேட்டேன். "கோணம் மட்டும் பத்தாது ஆயா. ஒரு பக்கமாவது சமமா இருக்கணும். நீ சொன்னதுதான் சரி" என்றாள்.

நீங்கள் வாய் பேச முடியாமல் படுத்திருந்தபோது கஞ்சியோடு வந்தேன். சின்னதும் பெரியதுமாக இரண்டு காகித முக்கோணம் வெட்டி உங்கள் நெஞ்சின்மேல் வைத்தேன். "நான் சொன்னதுதானே சரி மாமா? தலைய ஆட்டுங்க, ஊட்டுறேன்." உங்களுக்கு எல்லாம் புரிந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். கஞ்சி ஆறிப்போனது. ஆட்டுக்கு ஊற்றிவிட்டேன்.

"அந்த மனுசனே போய்ட்டாரு, இன்னும் இன்னாடி உனக்கு?" என்கிறாள் அக்கா. நான் கேட்டது ஒரு தலையாட்டல்தானே?

நேற்று செல்வி எங்கள் வீட்டையும் ஆட்டுக்கொட்டகையையும் பலகையில் வரைந்துதான் அந்தப் பாடத்தை நடத்தினாளாம். என் பெயரையும் சொன்னாளாம். தப்பாகச் சொன்ன வாத்தியார் யார் என்று பிள்ளைகள் கேட்டார்களாம். "அதச் சொல்லல ஆயா, பாவம்" என்றாள். நாளைக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

வருஷா வருஷம் உங்கள் திதிக்கு வருவேன் மாமா. அந்த இரண்டு காகிதத்தையும் உங்கள் படத்துக்கு முன்னால் வைப்பேன். கஞ்சி சூடாகவே கொண்டுவருவேன். நீங்கள் தலையாட்டும்வரை அது என் கையில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தியாள்,
ஆட்டுக்கொட்டாய்.