அணைச்சாச்சு என்று சொன்னவன்

இன்று மத்தியானம் மாம்பலத்தில் ஒரு புது வீட்டுக்கு மின்விசிறி மாட்டப் போயிருந்தேன். கூடத்தில் தச்சர்கள் தேக்கு இழைத்துக்கொண்டிருந்தார்கள். மழை ஈரத்தோடு அந்தச் சீவல் வாசனை மூக்கில் ஏறியதும் சாந்தோமில் உன் மரவேலைக் கொட்டகை நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "சுவிட்சை அணைச்சாச்சு, தைரியமா கை வைங்கோ" என்றார். நான் இறங்கிப் போய் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் சிரித்தேனே, அதே சிரிப்பு.

துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா நீ. ஆனால் மனசெல்லாம் மரத்தில். காலால் மிதித்துக் கட்டில்கால் கடைந்தது போதாதென்று, மோட்டார் வைத்த கடைசல் இயந்திரம் செய்தே தீருவேன் என்றாய். மூர் மார்க்கெட்டில் பழைய மோட்டார் ஒன்று கிடைத்தது. சாக்கில் சுற்றி டிராமில் ஏற்றியபோது, "இன்னாய்யா இது?" என்று கண்டக்டர் கத்தினார். "எங்க மாமியாரு நைனா, நடக்க முடியாது" என்றாய். வண்டியே சிரித்தது.

மரவேலை உன் பங்கு, ஒயர் வேலை என் பங்கு. வீடு வீடாக விளக்குப் போடுகிறவன் என்ற திமிர் எனக்கு. உனக்கோ கரண்ட் என்றால் குலைநடுக்கம். மோட்டாரைத் தொடுமுன் உள்ளே போய், மீட்டர் பக்கத்து பியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டு, காய்ந்த பலகைமேல் ஏறி நின்றபிறகுதான் கை வைப்பாய். கேலி செய்தால், "கரண்ட்டு கண்ணுக்குத் தெரியாது நைனா. பியூஸு பையில கீது, அது போதும்" என்பாய்.

அந்த ஐப்பசிப் பிற்பகலில் இயந்திரம் முதல்முறையாக ஓடியது. நீ குழந்தை மாதிரி குதித்தாய். கொஞ்ச நேரத்தில் மோட்டாரில் கம்பியைப் பிடித்திருக்கும் திருகு ஒன்று தளர்ந்து பொறி பறந்தது. நான் சுவிட்சை அணைத்தேன். இயந்திரம் நின்றது. பியூஸைப் பிடுங்க நீ வீட்டுக்குள் கிளம்பினாய்.

"இன்னாபா, ஒரு திருகு முறுக்க இத்தினி கூத்தா? அதான் அணைச்சாச்சுல்ல. பயந்தாங்கொள்ளி!"

நீ சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாய். என் பேச்சை நம்பி, வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றபடி, இடக்கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு திருப்புளியை வைத்தாய். பலகையால் அடித்து உன்னைப் பிரித்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கம்பக்கத்தார் உன்னை உள்ளே தூக்கிக்கொண்டு போனபின், சோதனை விளக்கின் ஒரு முனையை மோட்டார்த் திருகிலும் மறுமுனையைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்துப் பார்த்தேன். சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. விளக்கு எரிந்தது. கரண்ட் வருகிற கம்பியில் வைக்கவேண்டிய சுவிட்சை, திரும்பிப் போகிற கம்பியில் வைத்திருக்கிறேன், பாவி! அப்படி வைத்தால் இயந்திரம் நிற்கும், கரண்ட் மோட்டாரிலேயே காத்திருக்கும். முதல்நாளே இப்படிச் சோதித்திருந்தால் அரை நிமிஷ வேலை.

அடுத்து செய்ததுதான் உன்னிடம் சொல்லக் கூசுகிறது. யாரும் கொட்டகைக்குத் திரும்பி வருமுன் அந்த இரண்டு கம்பிகளையும் மாற்றிப் போட்டேன். போலீஸ்காரர் வந்து, "சுவிட்ச அணைக்காம கைய வச்சிட்டாரா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அன்றிலிருந்து சாந்தோமில் நீ அவசரக்காரன், கவனமில்லாதவன். உன்னைப் போய்!

இன்று விசிறியை அப்படியே போட்டுவிட்டு நேரே உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி பள்ளிக்கூட வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த பையை வாசற்படியில் வைத்தாள். அப்புறம் சொன்னாள்:

"வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு அவரத் திட்டிட்டுத்தாண்ணே வருவேன். ஒரு சுவிட்ச அணைக்கத் துப்பில்லாம எங்களத் தவிக்க விட்டுட்டீங்களேன்னு. அஞ்சு வருசமா ஒரு நல்ல வார்த்த சொல்லலியே அவர்கிட்ட. அத யாருண்ணே திருப்பித் தருவாங்க?"

"போயிட்டு வாங்க" என்றுகூட அவள் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே உன் பெயரைச் சொல்லி அழுவது தெருவரை கேட்டது.

அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். அவள் உன்னிடம் வருவாள். இந்தத் தடவை திட்டமாட்டாள். நீ கொஞ்சம் அவளைத் தேற்று. நான் அவள் போனபிறகு வருகிறேன்.

மாம்பலத்துக்காரர் என்னை வாயார வைதுகொண்டிருப்பார். இதை எழுதும்போதுதான் கவனித்தேன், அவர் வீட்டு பியூஸ் இன்னும் என் சட்டைப்பையில் கிடக்கிறது.